மசகு நினைவூட்டு நூல்: காஞ்சி மாநகர்ப் பகுதி

பாயிரம்

நூல் செய்யப் புகுந்தவன் முதலில் பாயிரம் சொல்ல வேண்டும். நூல் நுதலிய பொருள்: காஞ்சிபுரத்தில் ஓடும் கார்கள், ஓடாமல் தெருவோரம் உறை போட்டு நிற்கும் கார்கள், பட்டுக்கடை வாசலில் ஏசி போட்டபடி காத்துக் கிடக்கும் கார்கள் ஆகியவற்றுக்கு எஞ்சின் ஆயில் மாற்றும் வேளை வந்துவிட்டது என்பதை உடையவருக்கு அறிவிக்கும் வழிகள் எத்தனை, அவற்றுள் எதை எவ்வளவு நம்பலாம் என்பது. கேட்போர்: காரும் அதன்மேல் கடனும் உடையவர். பயன்: எஞ்சின். யாப்பு: உரைநடை. ஆசிரியப்பாவில் பாடியிருக்கலாம், ஆனால் 5டபிள்யூ-30 என்பது எந்தச் சீருக்குள்ளும் அடங்க மறுக்கிறது.

காப்புத் தெய்வம் யார் என்பதில் ஐயம் வேண்டாம். நெல்லுக்காரத் தெருவில் சித்திரகுப்தருக்குத் தனிக்கோயில் இருக்கிறது. கையில் எழுத்தாணியும் ஏடும். சித்ரா பௌர்ணமியன்று கூட்டம் தெருவை அடைத்துக்கொள்ளும். எமனின் கணக்கரான இவர், மனிதர் செய்ததை எல்லாம் விடாமல் குறித்துவைப்பவர். காரிலிருக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் எஞ்சின் செய்ததை எல்லாம் விடாமல் குறித்துவைக்கிறது. வேற்றுமை ஒன்றுதான்: சித்திரகுப்தரின் ஏட்டில் ரீசெட் பட்டன் கிடையாது. அதன் விளைவுகள் உரிய இடத்தில் பேசப்படும்.

அளவை

ஆயில் கெட்டுவிட்டதா என்று எப்படி அறிவது? மெக்கானிக்கைக் கேட்க வேண்டிய கேள்வி போலத்தான் இருக்கிறது. உண்மையில் இது தருக்கம் படித்தவரைக் கேட்க வேண்டிய கேள்வி. அறிவு எந்த வழியாக வருகிறது என்று ஆராய்வதில் இந்த ஊருக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழக்கம் உண்டு. மணிமேகலை அலைந்து திரிந்து கடைசியில் வந்து சேர்வது காஞ்சிக்கு; அறவண அடிகள் அவளுக்கு அளவை நூல் கற்பிப்பது இங்கேதான். பௌத்தத் தருக்கத்தின் தலைமகனான திக்நாகர் காஞ்சிப் பகுதியில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. நாளந்தாவில் ஆசிரியராக விளங்கிய தர்மபாலர் பிறந்த ஊர் இது என்று 7ஆம் நூற்றாண்டில் தென்னாடு வந்த யுவான் சுவாங் குறிக்கிறார்.

திக்நாகர் ஒப்புக்கொண்ட அளவைகள் இரண்டே: காட்சி, அனுமானம். நம்பத்தக்கவர் சொல்லும் சொல்லை ஆகமம் என்று தனி அளவையாக மற்றவர்கள் வைத்திருந்தார்கள். இவர் அது தனியாக நிற்காது, அனுமானத்துக்குள்ளேயே அடங்கும் என்று தள்ளிவிட்டார். சர்வீஸ் சென்டரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பைப் பற்றி ஒருவர் இத்தனை நூற்றாண்டு முன்னதாகத் தீர்ப்புச் சொல்லியிருப்பது பெரிய விஷயம். ஆயினும் உலக வழக்கை ஒட்டி ஆகமத்தையும் சேர்த்து மூன்றாகவே கொள்வோம். டிப்ஸ்டிக் காட்சி. தொலைபேசி ஆகமம். டாஷ்போர்டில் எரியும் ஸ்பேனர் விளக்கு அனுமானம்.

காட்சி

காட்சியாவது கண், காது, மூக்கு, விரல் ஆகியவற்றால் எண்ணெயை நேரே அறிதல். இவற்றுள் மூத்தது காது. மாட்டுவண்டிக் காலத்தில் அச்சுக்கு மை போட வேண்டும் என்பதை அச்சே சொன்னது. வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்துப் போட்ட வண்டி மை தீர்ந்தால் சக்கரம் கிறீச்சிடும். வண்டிக்காரர் மறந்தாலும் தெருக்காரர்கள் மறக்க விடமாட்டார்கள். இதைவிட நேர்மையான நினைவூட்டல் பின்னர் எவராலும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது இந்நூலாசிரியன் துணிபு. குறைபட்ட பொருளே தன் குறையைச் சொல்கிறது. நடுவில் தரகர் இல்லை.

காரிலும் இந்தக் காதுவகையை நம்பியிருப்போர் உளர். “சத்தம் வந்தா பாத்துக்கலாம்” என்பது அவர்கள் சித்தாந்தம். கார் எஞ்சின் சத்தம் போடத் தொடங்கும்போது மாற்ற வேண்டியது ஆயிலை அல்ல, பேரிங்கை.

அடுத்தது கண். இதற்கென்று அமைந்த கருவி டிப்ஸ்டிக். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆயில் அடியில் இறங்கச் சில நிமிடம் விட்டு, குச்சியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி உருவிப் பார்த்தால் இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நிற்கும். முதல் உருவலில் பார்ப்பது காட்சியன்று. அது தெறித்த ஆயில். இரண்டாம் உருவலே பிரமாணம். எளிய சடங்குதான். ஆனால் தன் வண்டியின் பானெட்டைத் திறக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்று அறிந்தவர்கள் அருகிவரும் காலம் இது.

காட்சியிலும் போலி உண்டு. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டிய உடனே அது கறுத்துவிடும். பார்த்தவர் பதறுவார். கரித்தூளை எஞ்சினில் படியவிடாமல் தன்மேல் ஏந்திக்கொள்வதற்கென்றே ஆயிலில் மருந்து சேர்த்திருக்கிறார்கள். கறுப்பு என்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மறுதலையாக, பொன்னிறமாகவே இருக்கும் பெட்ரோல் வண்டி ஆயில் உள்ளுக்குள் சத்து இழந்து போயிருக்கலாம். தேய்மானத்தைத் தடுக்கும் மருந்தும், அமிலத்தை முறிக்கும் மருந்தும் தீர்ந்துபோனால் நிறம் சொல்லாது. டிப்ஸ்டிக் அளவைக் காட்டும், ஆயுளைக் காட்டாது.

விரல் பற்றி ஒரு சொல். பட்டு நூலை இரு விரலுக்கு நடுவே உருட்டியே அது என்ன முறுக்கு, எத்தனை இழை என்று சொல்லும் கைகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில், அதே வீட்டுப் பையன் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாலும் ஒர்க்‌ஷாப் வைத்தாலும் அந்தப் பழக்கம் விடாது. குச்சி நுனி ஆயிலை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்து, மேலே பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வான். உலோகத் துகள் இருந்தால் விரலுக்குத் தெரியும், பெட்ரோல் கலந்திருந்தால் மூக்குக்குத் தெரியும். மற்றபடி அந்த மௌனம் வாடிக்கையாளருக்காக.

ஆகமம்

ஆகமத்தின் முதல் வகை ஒட்டுவகை. ஆயில் மாற்றிய பின் முன்கண்ணாடி மூலையிலோ கதவின் உட்தூணிலோ ஒட்டும் சிறு காகிதம். இன்ன தேதி, இன்ன கிலோமீட்டர், அடுத்தது இன்ன கிலோமீட்டர். எழுதியவர் கையெழுத்து மருத்துவர் வழி வந்தது. அது தெளிவாகவே இருந்தாலும் ஐப்பசிக்குள் அழிந்துவிடும். ஏனெனில் புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ ஆயுத பூசை வருகிறது. கண்ணாடிக்கு மூன்று பட்டை விபூதி, அதன் நடுவே சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். சின்னக் காஞ்சிபுரமானால் திருமண். எந்தச் சமயமானாலும் பூச்சு இறங்கும் இடம் அந்தக் காகிதமே. அடுத்த கிலோமீட்டரின் கடைசி மூன்று எண்கள் அருளுக்குள் மறைந்துபோகும்.

இரண்டாவது குரல்வகை. “சார் வணக்கம், உங்க வண்டிக்கு சர்வீஸ் டியூ ஆயிருக்கு சார், நாளைக்கு பிக்கப் போட்டுடலாமா சார்?” என்று பெண்குரல் பணிவோடு கேட்கும். வண்டியை விற்று ஆண்டுகள் ஆனாலும் கேட்கும். விற்றுவிட்டேன் என்று சொன்னாலும் அடுத்த மாதம் கேட்கும். இக்குரலுக்கு ஆதாரம் வண்டியன்று, போன முறை சர்வீஸுக்கு வந்த தேதி. அதிலிருந்து மாதக் கணக்குப் போட்டு, இவ்வளவு ஓடியிருக்கும் என்று கணினி ஊகிக்கிறது. ஆகவே இது அனுமானமே என்று திக்நாகர் சொன்னது இங்கே முற்றிலும் பொருந்தும்.

மூன்றாவது, மெக்கானிக் வாக்கு. இதை ஆராய்வதற்கு வேகவதிக் கரையைக் கடந்து திருப்பருத்திக்குன்றம் போக வேண்டும். ஜினகாஞ்சி என்று பெயர்பெற்ற அந்த ஊரில் திரைலோக்கியநாதர் கோயில் உள்ளது. எந்தப் பொருளையும் ‘ஒருவாறு உண்டு, ஒருவாறு இல்லை’ என்று ஏழு விதமாகச் சொல்ல முடியும் என்பது சமணரின் சியாத்வாதம். மெக்கானிக்கிடம் போய், “அண்ணா, ஆயில் மாத்தணுமா?” என்று கேட்டுப் பாருங்கள். “மாத்தலாம்.” “அவசரமா?” “ஓட்டலாம்.” “எவ்வளவு ஓட்டலாம்?” “அது நீங்க ஓட்டுறதப் பொறுத்து.” “ஊருக்குப் போகணும்ணா, போலாமா?” “போலாம்… மாத்திட்டுப் போனா நல்லது.” ஏழில் நான்கு வந்துவிட்டன. இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயிலின் நிலைமை உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது.

அனுமானம்

இனி நூலின் நடுப்பகுதி. டாஷ்போர்டு விளக்கு.

பொதுமக்கள் நம்புவது, ஆயில் கெட்டவுடன் எங்கோ ஒரு கருவி அதைத் தொட்டு உணர்ந்து விளக்கைப் போடுகிறது என்று. பெரும்பாலான கார்களில் அப்படி எந்தக் கருவியும் இல்லை. விளக்கு எண்ணெயைப் பார்ப்பதேயில்லை, கணக்கைத்தான் பார்க்கிறது. புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்பது போல, கிலோமீட்டரைக் கண்டு அழுக்கு உண்டு என்கிறது. இதில் கிலோமீட்டர் ஏது, அழுக்கு சாத்தியம். ஏது உறுதியாக இருந்தால் அனுமானமும் உறுதி. ஏது பிசகினால் அதற்கு ஏதுப்போலி என்று பெயர். மணிமேகலைக்கு அறவண அடிகள் போலிகளை வகைவகையாக விரித்துச் சொன்னார். காந்தி ரோட்டுப் பட்டுக்கடை வாசலில் நிற்கும் காரை எடுத்துக்காட்டாக வைத்திருந்தால் ஒரு பகலிலேயே பாடம் முடிந்திருக்கும்.

அக்காரின் கதை இது. ஆவணியில் முகூர்த்தம். பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் வந்து இறங்கி முகூர்த்தப் பட்டு எடுக்க உள்ளே போயிருக்கிறார்கள். கோர்வைப் புடவையா, சாதாவா, உடல் அரக்கா, மயில்கழுத்தா, ஜரிகை எவ்வளவு, முந்தி எப்படி. அத்தை ஒருத்தி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியே டிரைவர் ஏசி போட்டுக்கொண்டு சாய்ந்திருக்கிறார். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று வீதம் சும்மா ஓடுகிறது எனக் கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 48,000 சுற்று. அதே எஞ்சின் பெங்களூர் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் 2,000 சுற்றில் போனால் ஒரு மணி நேரத்துக்கு 1,20,000. ஆக, நின்றபடி ஓடிய ஒரு மணி நேரம், சுற்றுக் கணக்கில் 32 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். புடவை எடுக்க மூன்று மணி நேரம் ஆனால் 96 கிலோமீட்டர். எஞ்சின் சென்னையைத் தாண்டிப் போய்விட்டது. மீட்டர் ஓர் எண்கூட நகரவில்லை. அத்தை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கிலோமீட்டரை மட்டும் எண்ணும் விளக்கு இந்தக் காரைக் கன்னிப்பெண் போலக் கருதும். இதுவே ஏதுப்போலி.

இந்தப் பிழை காஞ்சிபுரத்தில்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும். ஊர்ப் பெருமை கருதி அப்படியே எழுதிவிடலாமென்று ஆசைதான். ஆனால் அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தது. 1980களின் தொடக்கத்தில் பி.எம்.டபிள்யூ. தன் கார்களில் ஒரு விளக்கு வரிசையை வைத்தது. சர்வீஸ் முடிந்ததும் பச்சை விளக்குகள் எல்லாம் எரியும், ஓட ஓட ஒவ்வொன்றாக அணையும், பிறகு மஞ்சள், அதற்கும் மசியாவிட்டால் சிவப்பு. தூரத்தோடு எஞ்சின் வேகம், வெப்பம் இவற்றையும் அது கணக்கில் சேர்த்தது. (அந்நிறுவனத்தின் இந்திய ஆலை 2007இல் தொடங்கிய மகிந்திரா வேர்ல்டு சிட்டி, செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்த 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. பெருமை ஓரளவு மீட்கப்பட்டது.) அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் வேதியியல் ஆய்வாளராக இருந்த ஷெர்லி ஷ்வார்ட்ஸ் முதலானோர் எஞ்சின் சுற்றுகளையும் ஆயில் வெப்பத்தையும் வைத்து ஆயிலின் மீதி ஆயுளைக் கணக்கிடும் முறையை வகுத்தார்கள், 1988இல் அது ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்தது. மிகச் சூடான சுற்றுக்கும், சூடேறாத சுற்றுக்கும் தண்டனைப் புள்ளி கூடுதல். காந்தி ரோட்டுக் காரை இந்தக் கணக்கு பிடித்துவிடும்.

இவ்வாறு அனுமான விளக்குகள் மூவகைப்படும்.

எண்ணி: தூரத்தையும் நாளையும் மட்டும் எண்ணுவது. நம் ஊர்க் கார்களில் பெரும்பான்மை.

கணக்கி: சுற்று, வெப்பம், ஓடும் முறை யாவும் சேர்த்துச் சதவீதம் சொல்வது. அமெரிக்காவில் ஓடும் ஹோண்டாக்கள் இவ்வகை. அவை சதவீதத்தோடு எழுத்தும் எண்ணும் காட்டும். ஏ என்றால் ஆயில், பி என்றால் ஆயிலோடு பிற சோதனைகளும், பக்கத்தில் வரும் எண் டயர் மாற்றிப்போடுவது முதலான உபகாரியம். எழுத்ததிகாரம் ஒன்று எழுதும் அளவுக்கு வளமானது.

நாவி: ஆயிலைத் தானே சுவைப்பது. 1990களின் பிற்பாதியில் மெர்சிடிஸ் கார்கள் சிலவற்றில் ஆயில் தொட்டிக்குள் உணர்வி வைத்து, ஆயிலின் மின்பண்பு மாறுவதைக் கொண்டு தரம் அறிய முயன்றார்கள். இது அனுமானம் காட்சியை எட்டிப்பிடிக்க நீட்டிய கை. எல்லாக் கார்களுக்கும் அந்தக் கை எட்டவில்லை.

கணக்கிக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. உள்ளே ஊற்றியது எந்த ஆயில் என்று அதற்குத் தெரியாது. கையேட்டில் சொன்ன ஆயிலைத்தான் ஊற்றியிருப்பீர்கள் என்ற நல்லெண்ணத்தில் கணக்குப் போடுகிறது. 0டபிள்யூ-20 சிந்தெட்டிக் கேட்கும் எஞ்சினுக்குக் கடையில் கிடைத்த கெட்டியான ஆயிலை ஊற்றிவிட்டு விளக்கை நம்புவது, பொய்ச் சாட்சி சொல்லிவிட்டுத் தீர்ப்புக்காகக் காத்திருப்பதாகும்.

இரு கலைகள்

இன்றைய பெட்ரோல் கார்களின் கையேடுகளில் பரவலாகக் காணும் மூலச்சூத்திரம் இது: 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது. மூலம் இவ்வளவு தெளிவாக இருந்தும் உரை இரண்டாகப் பிரிந்தது. வரதராசர் சந்நிதியில் பாடும் உரிமை யாருக்கு என்று வடகலையாரும் தென்கலையாரும் நீதிமன்றம் வரை போன ஊரில் இதற்கு வியப்பில்லை. கி.மீ. கலையார் ‘அல்லது’ என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதை மட்டும் படிப்பவர்கள். மாதக் கலையார் பின்னால் இருப்பதையும் படிப்பவர்கள். முன்னவரே மிகுதி.

கி.மீ. கலையாரின் வாதம் கேட்பதற்கு வலுவானது. “வண்டி ஓடவே இல்லையே சார், ஆறாயிரம்தான் ஓடியிருக்கு. எதுக்கு மாத்தணும்?” இவர் சின்னக் காஞ்சிபுரத்தில் குடியிருப்பவர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி போவது ஏகாம்பரநாதர் கோயிலுக்கு, ராஜாஜி மார்க்கெட்டுக்கு, பேரனைக் கூப்பிடப் பள்ளிக்கூடத்துக்கு. எல்லாம் நாலைந்து கிலோமீட்டர். எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் சாவியைத் திருப்பிவிடுகிறார். பெட்ரோல் எரியும்போது நீராவி பிறக்கிறது. அதில் கொஞ்சமும், எரியாத பெட்ரோலில் கொஞ்சமும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்குகின்றன. எஞ்சின் நன்றாகச் சுட்டால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். சுடவில்லை என்றால் தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தால் சில வண்டிகளில் மோர் ஊற்றி வைத்தது போல வெளுப்பாகப் படிந்திருக்கும். இத்தனைக்கும் மீட்டரில் ஆறாயிரமே. அதே காலத்தில் தினமும் பெங்களூர் சாலையில் வேலைக்குப் போய்வந்து பதினையாயிரம் ஓடிய வண்டியின் ஆயில் இதைவிட நன்றாக இருந்தாலும் இருக்கும்.

ஆகவே கையேட்டின் பின்பக்கங்களில், யாரும் புரட்டாத இடத்தில், ‘கடினப் பயன்பாடு’ என்றொரு பட்டியல் இருக்கும். அடிக்கடி குறுந்தூரம், நெடுநேரம் நின்றபடி ஓடுதல், தூசி, நெரிசலில் ஊர்தல். இப்படி ஓடும் வண்டிக்குக் கெடு இன்னும் சுருங்கும். பட்டியலைப் படிப்பவருக்கு ஏதோ பாலைவன ஓட்டப்பந்தயம் பற்றிப் பேசுகிறார்கள் என்று தோன்றும். அது பேசுவது கருட சேவையன்று காலை காஞ்சிபுரத்தில் கார் எடுத்தவரைப் பற்றி.

காலக்கெடு இந்த ஊருக்குப் புதியதா என்றால், இல்லை. அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை எழுந்தருள்கிறார்: 1939, 1979, 2019. கடைசி முறை ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். முதலில் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். அடுத்தது 2059. இதற்கு விளக்கும் இல்லை, பீப் ஒலியும் இல்லை, யாரும் போன் செய்து சொல்ல வேண்டியதும் இல்லை. நாற்பது ஆண்டை மறக்காத ஊருக்குப் பன்னிரண்டு மாதம் மறந்துபோவது ஏன்? வரதர் வருகை வீட்டுக் கதைகளோடு முடிச்சுப்போட்டுக் கிடக்கிறது. “போன தடவை வரதர் வந்தப்போ உங்கப்பனுக்கு மொட்டை போடல” என்று பாட்டி எண்ணிக்கொண்டிருப்பாள். ஆயில் மாற்றியதை எந்தப் பாட்டியும் எதனோடும் முடிச்சுப்போடவில்லை.

இதற்கு ஒரு தீர்வை இந்நூல் முன்வைக்கிறது. நூலில் உருப்படியாகச் செய்யத்தக்கது இது ஒன்றே என்றும் கொள்ளலாம். ஆண்டுக்கு 10,000 ஓடாத வண்டிக்கு ஆயுத பூசை வாரமே ஆயில் மாற்றும் வாரம் என்று வைத்துவிடுவது. தறியைத் துடைத்துப் பொட்டு வைக்கும் அதே நாளில் காரையும் கழுவிப் பொட்டு வைக்கத்தான் போகிறோம். எலுமிச்சம்பழத்தை நசுக்குமுன் சம்ப்பில் இருக்கும் பழையதை இறக்கிவிட்டால் விளக்கின் தயவு தேவையில்லை. ஒட்டுக் காகிதம் சந்தனத்தில் மறைந்தாலும் கவலையில்லை.

ரீசெட் நால்வகை

ஆயிலை மாற்றுவது ஒரு வினை. விளக்குக்கு மாற்றியதாகச் சொல்வது வேறொரு வினை. இரண்டையும் பெருக்க நான்கு பிறக்கும்.

மாற்றி, ரீசெட்டும் செய்தது முதல் வகை. இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்லவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

மாற்றி, ரீசெட் செய்யாதது இரண்டாம் வகை. தெரு மெக்கானிக்கிடம் மாற்றிய வண்டிகள் பல இதில் சேரும். நல்ல ஆயில், புது ஃபில்டர், ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர்கூடப் போட்டிருப்பார். ஆனால் அந்த மாடலில் எந்தப் பட்டனை எத்தனை வினாடி அழுத்துவது என்பது அவருக்குத் தெரியாது. புண்ணியம் செய்தாயிற்று, ஏட்டில் ஏறவில்லை. விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். இதன் தீமை உடனே தெரியாது. எரியும் விளக்கோடு வாழப் பழகிய கண், பிறகு எந்த விளக்கு எரிந்தாலும் பழகிக்கொள்ளும்.

மாற்றாமல் ரீசெட் செய்தது மூன்றாம் வகை, பாவம். சாவியை ஒரு கட்டம் திருப்பு, ட்ரிப் பட்டனை அழுத்திப் பிடி, எண் மினுங்கும் வரை விடாதே. சில வினாடியில் ஓராண்டுப் பழி தொலைகிறது. பழைய காரை விற்பதற்கு முந்தின இரவு இந்தச் சடங்கு நடப்பதுண்டு. வாங்குபவர் டாஷ்போர்டைப் பார்க்கிறார், விளக்கு இல்லை, முகம் மலர்கிறார். டிப்ஸ்டிக்கை உருவுவதில்லை. அனுமானத்தைக் காட்சியென்று கொள்வோருக்கு நேரும் கேடு இது. பாயிரத்தில் சித்திரகுப்தரின் ஏட்டுக்கும் இந்தப் பெட்டிக்கும் வேற்றுமை சொன்னது இதை நோக்கியே.

மாற்றவுமில்லை, ரீசெட்டும் இல்லை: நான்காம் வகை. இதில் உட்பிரிவுகள் பல. ‘அடுத்த மாசம்’ என்பார் ஒருவர். விளக்கு தானாகப் போய்விடும் என்பார் ஒருவர். டாஷ்போர்டுப் பிள்ளையாரைச் சற்றே நகர்த்தி விளக்குக்கு நேரே எழுந்தருளப் பண்ணுவார் இன்னொருவர். விக்னம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

தருக்கப்படி ஐந்தாவது இருக்க முடியாது. இருக்கிறது. மாற்றுவதே இல்லை, ஆனால் குறையக் குறைய ஊற்றிக்கொண்டிருப்பவர். “அதான் அப்பப்போ டாப்-அப் பண்ணிக்கிட்டுதானே இருக்கேன்.” இவர் கணக்கில் ஆயில் எப்போதும் பாதி புதிது. ஃபில்டர் அவர் காரை வாங்கிய ஆண்டைச் சேர்ந்தது.

போலி உறவு

இங்கே ஓர் எச்சரிக்கை. இதில் விளையாட்டு இல்லை. சொட்டு விடும் எண்ணெய்க் குவளை வடிவில் சிவப்பாக ஒரு விளக்கு உண்டு. அது நினைவூட்டலுக்கு உறவில்லை. பார்வைக்குக் கோயில் தூண்டாமணி விளக்கு போல இருப்பதால் மங்கலம் என்று எண்ணிவிடக் கூடாது. ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்பது அதன் பொருள். ஓடும்போது அது எரிந்தால் ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். வெள்ளைகேட் வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால் அதுவே அந்த எஞ்சினின் கடைசிப் பயணமாகலாம். ஸ்பேனர் மஞ்சளாக எரிந்தால் வாரம் பொறுக்கும். குவளை சிவப்பாக எரிந்தால் நிமிடம் பொறுக்காது.

கழிவு

இறக்கிய ஆயில் எங்கே போகிறது என்பதை நினைவூட்ட எந்தக் காரிலும் விளக்கு இல்லை. சிறு காருக்கு மூன்று லிட்டர் சொச்சம். சட்டப்படி அது அபாயக் கழிவு. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குப் போக வேண்டும். வழக்கப்படி அது கேனில் சேர்ந்து, கட்டட வேலைக்காரர் சென்டரிங் தகட்டில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்கப் பூசப் போகும். இரும்புக் கேட்டின் கீலுக்குப் போகும். மீந்தது சாக்கடை வழியே வேகவதிக்குப் போகும். வேகவதி பாலாற்றில் கலக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டு, கேன் எடுத்துப் போகிறவர் யார் என்று தெரிந்துகொண்டு மாற்றுவது நன்று. யாரும் கேட்பதில்லை என்பதால் முதலில் சிரிப்பார்கள்.

புறனடை

சொல்லாமல் விட்டவற்றையும் சொன்னவற்றோடு பொருத்திக் கொள்க என்று முடிப்பது இலக்கண மரபு. ஆனால் பொருந்தாத ஒன்று வந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் சான்ட்ரோ செய்யத் தொடங்கிய அதே ஆலை இப்போது மின்சாரக் கார்களும் செய்கிறது. அவற்றில் எஞ்சினே இல்லை. எனவே எஞ்சின் ஆயிலும் இல்லை, சம்ப்பும் இல்லை, டிப்ஸ்டிக்கும் இல்லை. காட்சி முழுதுமாக ஒழிந்தது. ஆனால் சர்வீஸ் நினைவூட்டல் மட்டும் உரிய நாளில் வந்துவிடுகிறது: பிரேக் திரவம், ஏசி ஃபில்டர், டயர் மாற்றிப்போடுதல். தொலைபேசிக் குரலும் பழைய பணிவோடு வருகிறது. மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டியில் மட்டும் கொஞ்சம் கியர் ஆயில் உண்டு. அதைப் பற்றிச் சில கையேடுகள் ‘ஆயுள் முழுதும் மாற்ற வேண்டியதில்லை’ என்கின்றன. யாருடைய ஆயுள் என்று மூலத்தில் இல்லை. வண்டியுடையதா, வாரன்டியுடையதா, உடையவருடையதா என்பதில் உரைகாரர்கள் இன்னும் ஒருமைப்படவில்லை.